உயரம் குறைந்த ஆண்களுக்குச் சட்டை, பேன்ட், வேட்டி, கோட்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஐந்தடி ஐந்து அங்குலத்துக்குக் கீழே உள்ளவர்கள் கோவை, ஈரோடு, திருப்பூர், பொள்ளாச்சி, நாமக்கல் பக்கத்துக் கடைகளில் துணி தைக்கக் கொடுக்கும்போது திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. டெய்லர் கடையில் டேப் இன்னும் அங்குலத்தில்தான் பேசுகிறது என்பதால் அளவுகள் எல்லாம் அங்குலத்திலேயே இருக்கின்றன. உதாரணத்துக்கு எடுத்துக்கொண்ட ஆள் ஐந்தடி நான்கு அங்குலம், மார்பு 38, இடுப்பு 34. உங்கள் உடம்புக்கு அளவு மாறும், கணக்குப் போடும் வழி மாறாது.

ரெடிமேட் பேன்ட் வாங்கி அடியில வெட்டித் தைச்சுக்கிட்டா போதாதுங்களா? எதுக்குத் தனியாத் தைக்கணும்?

நீளம் சரியாகிவிடும், பேன்ட் சரியாகாது. பேன்ட்டுக்கு முழங்கால் என்று ஓர் இடம் உண்டு. அங்கிருந்துதான் கால் அகலம் குறுக ஆரம்பிக்கும். கட்டிங் மாஸ்டர்கள் உள்நீளத்தில், அதாவது கவட்டையிலிருந்து அடிவரை உள்ள நீளத்தில், பாதி எடுத்து, அதிலிருந்து 2 அங்குலம் மேலே முழங்கால் கோட்டைப் போடுவது வழக்கம். ரெடிமேட் பேன்ட்டின் உள்நீளம் 32 என்றால் முழங்கால் கோடு கவட்டையிலிருந்து 14 அங்குலத்தில் விழும். உங்கள் உள்நீளம் 27 என்றால் அது 11½-ல் விழ வேண்டும். ஆக, கடையில் வாங்கிய பேன்ட்டின் முழங்கால் உங்கள் முழங்காலுக்கு இரண்டரை அங்குலம் கீழே தொங்குகிறது. அடியில் எவ்வளவு வெட்டினாலும் அந்தக் கோடு மேலே ஏறாது.

அடிச் சுற்றளவையும் பாருங்கள். முழங்காலில் 17, அடியில் 14 என்று தைத்த பேன்ட்டில் 18 அங்குல தூரத்துக்குள் 3 அங்குலம் குறைகிறது. அதில் 5 அங்குலத்தை வெட்டி எறிந்தால் அடி 14 ஆக இருக்காது, கிட்டத்தட்ட 14¾ ஆகிவிடும். பார்த்து வாங்கியது ஒல்லிக் கால், போட்டுக்கொள்வது நேர்க்கால். தொடையில் துணி சேர்ந்து, முழங்காலுக்குக் கீழே குழாய் மாதிரி நிற்பதற்கு இதுதான் காரணம்.

சட்டை, கோட் எதற்கும் இதே கதைதான். உயரம் குறைந்தவருக்குத் தைப்பதென்றால் அடியில் வெட்டுவது மட்டும் வேலை இல்லை. முழங்கால், பாக்கெட், பட்டன், கைக்குழி என்று நடுவில் இருக்கும் ஒவ்வொன்றையும் மேலே ஏற்ற வேண்டும். கீழே வரும் பதில்கள் எல்லாம் இந்த ஒன்றின் விரிவுதான்.

ஏற்கெனவே வாங்கிவிட்டீர்கள் என்றால், நீளத்தை வெட்டிய பிறகு முழங்காலிலிருந்து அடிவரை உள்தையல், வெளித்தையல் இரண்டிலும் சம அளவு பிடிக்கச் சொல்லுங்கள். ஒரு பக்கம் மட்டும் பிடித்தால் அயர்ன் மடிப்புக் கோடு நடுக்காலில் நிற்காமல் உள்பக்கம் திரும்பிக்கொள்ளும்.

டெய்லர் கடையில அளவு எடுக்கும்போது நான் என்ன சொல்லணும்?

வழக்கமாக எடுக்கும் அளவுகளோடு இன்னும் நான்கைக் கேட்டு எடுக்கச் சொல்லுங்கள். கழுத்தோரத்திலிருந்து மார்புப் பாக்கெட் மேல்விளிம்பு இருக்க வேண்டிய இடம். தோள்முனையிலிருந்து முழங்கை. இடுப்புப் பட்டியிலிருந்து முழங்கால் மூட்டின் நடு. நான்காவது, உட்கார்ந்த நிலையில் இடுப்பிலிருந்து ஸ்டூல் மேல்தளம் வரை உள்ள உயரம். கடைசியில் சொன்னது பேன்ட்டின் பாடி உயரம். பல கடைகளில் இதைத் தனியாக எடுப்பதில்லை, வெளிநீளத்தில் உள்நீளத்தைக் கழித்துப் போட்டுக்கொள்வார்கள். அதுவும் தப்பில்லை, இரண்டு அளவும் சரியாக இருந்தால்.

“மாஸ்டர், முழங்கால் அளவைத் தனியா எழுதிக்குங்க, அதை வெச்சே வெட்டுங்க” என்று சொன்னால் போதும், விஷயம் தெரிந்த மாஸ்டருக்குப் புரிந்துவிடும்.

பேன்ட் பாக்கெட்டிலிருந்து போன், பர்ஸ் எல்லாவற்றையும் எடுத்து வைத்துவிட்டு நில்லுங்கள். எந்தச் செருப்போடு அந்த பேன்ட்டைப் போடப் போகிறீர்களோ அதையே போட்டுக்கொண்டு போங்கள். ஷூவின் குதிகால் ஒரு அங்குலம், சாதாரணச் செருப்பு அரை அங்குலம். அந்த அரை அங்குல வித்தியாசம் ஆறடி ஆளிடம் தெரியாது, உங்களிடம் தெரியும். விறைப்பாக நெஞ்சை நிமிர்த்தி நிற்க வேண்டாம். உயரமாகத் தெரிய வேண்டும் என்று டேப்பின் முன் எக்கி நின்றால் பேன்ட் அரை அங்குலம் நீளமாகத்தான் வந்து சேரும்.

சட்டை நீளம் எவ்வளவு இருக்கோணும்?

எதோடு போடுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. கழுத்தோரத் தோள் தையலிலிருந்து அளந்தால் ரெடிமேட் சட்டைகள் பெரும்பாலும் 29, 30 வரும். நம் உதாரண ஆளுக்கு பேன்ட்டுக்குள் விட்டுப் போடும் சட்டை 28 போதும். அதற்கும் குறைத்தால் பைக்கில் உட்கார்ந்து எழும்போது வெளியே வந்துவிடும். வெளியே விட்டுப் போடும் சட்டை 26½. ஜிப் பட்டியின் பாதி மறைய வேண்டும், மீதி தெரிய வேண்டும். அடி நேராக இல்லாமல் பக்கவாட்டில் ஒரு அங்குலம் மேலேறிய வளைவாக இருந்தால் கால் கூடுதலாகத் தெரியும்.

வேட்டிக்கு மேலே போடும் வெள்ளைச் சட்டை தனிக் கணக்கு. கொங்குப் பக்கத்தில் கல்யாணம், சீர், நோம்பி, ஊர்க்கூட்டம் எதுவானாலும் வெள்ளை வேட்டியும் வெள்ளைச் சட்டையும்தான். இரண்டும் ஒரே வெள்ளை என்பதால் சட்டை எங்கே முடிகிறது என்பதே கண்ணுக்குத் தட்டுப்படாது, நீளமாக இருந்தாலும் பரவாயில்லை என்று நினைத்து 30-ல் தைத்துவிடுகிறார்கள். வேட்டியை மடித்துக் கட்டும்போதுதான் வினை தெரியும். மடித்த வேட்டி முழங்காலோடு நிற்க, சட்டை பாதித் தொடையை மூடிக்கொள்ள, இரண்டுக்கும் நடுவே ஒரு சாண் வேட்டிகூடத் தெரியாது. 27 அங்குலத்துக்கு மேல் போகாதீர்கள். கஞ்சியையும் குறைத்துக்கொள்ளுங்கள். மொடமொடவென்று கஞ்சி போட்ட சட்டை உடம்போடு விழாமல் பக்கவாட்டில் விரிந்து நிற்கும், ஆளை அகலமாகக் காட்டும்.

அரைக்கை நீளம் 8½ போதும். முழங்கைக்கு மேலே நான்கு விரல் அகலமாவது கை தெரிய வேண்டும். முழங்கையைத் தொடும் அரைக்கைதான் மற்ற எல்லாவற்றையும்விட ஆளைக் குறுக்கிக் காட்டுவது. முழுக்கைக்கு மணிக்கட்டு எலும்பைத் தாண்டி அரை அங்குலம், அவ்வளவுதான்.

கையைத் தூக்கினா சட்டை முழுக்க மேல வந்துடுதுங்க. சட்டை சின்னதாப் போச்சா?

இல்லை. கைக்குழி ஆழமாக இருக்கிறது. மார்பளவை வைத்துத்தான் கைக்குழி ஆழத்தைக் கணக்குப் போடுகிறார்கள், அதில் உயரம் எங்கும் வருவதில்லை. ஐந்தடி மூன்று அங்குல ஆளுக்கு மார்பு 40 இருந்தால், ஐந்தடி பத்து அங்குல ஆளுக்குப் போடும் அதே ஆழம் இவருக்கும் விழுந்துவிடுகிறது. கைக்குழி அக்குளுக்கு வெகு கீழே போய்விட்டால் கையைத் தூக்கும்போது அது சட்டையின் பக்கத் தையலைப் பிடித்து இழுக்கும்.

கைக்குழியை அரை அங்குலம் மேலேற்றி வெட்டச் சொல்லுங்கள். அதோடு கையின் மேல்வளைவையும் அதற்குத் தக்கபடி சரிசெய்ய வேண்டும், இல்லாவிட்டால் கை பொருத்தும் இடத்தில் சுருக்கம் விழும். தைத்து முடித்த சட்டையில் இதைச் சரிசெய்ய முடியாது. வெட்டிய துணியைத் திரும்ப ஒட்டவா முடியும்? அதனால் வெட்டுவதற்கு முன்பே சொல்லிவிட வேண்டிய முதல் விஷயம் இது. “லூஸா வெச்சா சௌகரியமா இருக்கும்” என்று கைக்குழியைப் பெரிதாக்கும் மாஸ்டர்களும் உண்டு. நடப்பது நேர் எதிர்.

காலர், பாக்கெட், பட்டன்?

காலர் முனை 2½, காலர் நிற்கும் பட்டி 1¼. கழுத்து குட்டையாக இருந்தால் பட்டியை 1⅛ வரை இறக்கலாம். முன்பட்டி 1¼ போதும், ஒன்றரை வைக்க வேண்டாம்.

பாக்கெட்டில்தான் சிக்கல். வேட்டியில் பாக்கெட் இல்லாததால் போன், பணம், பேனா, சமயத்தில் வண்டிச் சாவியும் சட்டைப் பாக்கெட்டுக்குத்தான் வரும். அதற்காக 5 அகலம், 6 உயரம் என்று பை மாதிரி வைத்தால் மார்பின் பாதியை அது பிடித்துக்கொள்ளும். அகலம் 4¼, உயரம் 5¼ வையுங்கள். போன் கொஞ்சம் எட்டிப் பார்க்கும், பார்க்கட்டும். மேல்விளிம்பைக் கழுத்தோரத்திலிருந்து 7 அங்குலத்தில் நிறுத்துங்கள். வழக்கமான 8-ல் வைத்தால் போனின் கனத்தில் பாக்கெட் வயிறுவரை இறங்கித் தொங்கும். பாக்கெட்டின் மேல்மூலைகள் இரண்டிலும் முக்கோணத் தையல் கேளுங்கள், கிழியாது.

பட்டன் இடைவெளி 3¼. நீளம் குறைந்த சட்டைக்கு 3½ இடைவெளி விட்டுக்கொண்டே வந்தால் கடைசிப் பட்டன் அடி மடிப்புக்கு மிக அருகில் வந்து நிற்கும்.

பேன்ட் இடுப்பு எங்கே நிக்கணும்? கொஞ்சம் கீழ எறக்கிப் போட்டா நல்லா இருக்குமா?

இறக்க வேண்டாம். இடுப்புப் பட்டி இரண்டு அங்குலம் இறங்கினால் கால் இரண்டு அங்குலம் குட்டையாகத் தெரியும். அதுதான் முழுக் கணக்கும். கொப்பூழுக்கு ஒரு அங்குலம் கீழே நிற்க வேண்டும். பாடி உயரம் நம் உதாரண ஆளுக்கு 10 முதல் 10½.

முன்னால் ப்ளீட், அதாவது இடுப்புப் பட்டிக்குக் கீழே வைக்கும் மடிப்பு, வேண்டாம், அல்லது ஒன்று போதும். தொடை பெருத்தவர்களுக்கு ஒரு ப்ளீட் நல்லதே, அது தொடையில் துணி இழுபடாமல் காக்கும். அடிச் சுற்றளவு 13½ முதல் 14. 12-க்கு இறக்கினால் தொடையும் இடுப்பும் பெருத்து, கால் கூம்பாகி, பம்பரம் போல ஆகிவிடும். இடுப்புப் பட்டி அகலம் 1¼, பெல்ட்டும் அதற்கேற்றபடி மெல்லிசாக.

அடி மடிப்பு முன்பக்கம் ஷூவை லேசாகத் தொட வேண்டும், பின்பக்கம் அரை அங்குலம் இறங்கியிருக்க வேண்டும். இப்படிச் சாய்த்து மடித்தால் முன்னால் துணி குவியாது, பின்னால் சாக்ஸும் தெரியாது. அடியில் வெளிப்பக்கம் மடித்து வைக்கும் பட்டி வேண்டவே வேண்டாம், காலை அது குறுக்கே வெட்டிக் காட்டும்.

தொப்பை இருக்குதுங்க. அப்பவும் இதே அளவுதானா?

சட்டையின் முன்பாடியைப் பின்பாடியைவிட முக்கால் முதல் ஒரு அங்குலம் நீளமாக வெட்ட வேண்டும். வயிற்றின் மேல் ஏறி இறங்கும் தூரத்துக்கு அந்தத் துணி தேவை. விடாவிட்டால் முன்னால் சட்டை மேலே ஏறி, பின்னால் தாழ்ந்து நிற்கும். பேன்ட் வயிற்றுக்குக் கீழேதான் நிற்கிறது என்றால் முன்பக்கப் பாடி உயரத்தை அரை அங்குலம் குறைத்து, பின்பக்கத்தை அரை அங்குலம் ஏற்றச் சொல்லுங்கள். குனியும்போது பின்னால் இறங்காமல் இருக்கும். அளவு எடுக்கும்போது வயிற்றை உள்ளே இழுக்காதீர்கள்.

வேட்டி எல்லாருக்கும் ஒரே உயரம்தானுங்களே, அதுல என்ன செய்ய முடியும்?

செய்ய முடியும், நிறைய. நான்கு முழமானாலும் எட்டு முழமானாலும் கடையில் கிடைக்கும் வேட்டியின் அகலம் பொதுவாக 50 அங்குலம். ஐந்தடி நான்கு அங்குல ஆளுக்குக் கொப்பூழிலிருந்து கணுக்கால்வரை 36, 37 அங்குலம்தான் இருக்கும். மீதி 13, 14 அங்குலத் துணியும் இடுப்பில் சுருட்டப்படுகிறது. சுற்று இரண்டு என்றால் சுருட்டலும் இரண்டு மடங்கு. இடுப்பைச் சுற்றி டயர் கட்டியது போல் புடைத்து, அதற்கு மேலே சட்டை கூடாரமாக விரிகிறது.

கட்டுவதற்கு முன் வேட்டியைத் தரையிலோ கட்டிலிலோ விரித்து, மேல் ஓரத்தில் 7 அங்குலத்தை உள்பக்கமாகத் தட்டையாக மடித்து அயர்ன் செய்யுங்கள். பிறகு கட்டினால் சுருட்ட வேண்டியது 6, 7 அங்குலம் மட்டுமே. துணி தட்டையாகப் படிந்திருப்பதால் புடைப்பு பாதிக்கு மேல் குறையும். நாலு முழம் தினமும் கட்டுகிறவர்கள் மேல் ஓரத்தை 6 அங்குலம் வெட்டி ஓரம் அடித்துக்கொள்ளலாம். இடுப்பில் மறையும் பக்கத்துக் கரைதான் போகும், கீழே தெரியும் கரை அப்படியே இருக்கும். பட்டு வேட்டியை வெட்ட வேண்டாம், மடித்தே கட்டுங்கள்.

வெல்க்ரோ ஒட்டும் வேட்டியில் இந்த வழி செல்லாது. ஒட்டும் பட்டி மேல் ஓரத்திலேயே இருப்பதால் மேலே மடிக்க முடியாது. கடையிலேயே கட்டிப் பார்த்து, தரையில் புரளாததை மட்டும் வாங்குங்கள்.

கரையையும் கவனியுங்கள். 3 அங்குல ஜரிகைக் கரை காலடியில் அகலமான பட்டையாக நிற்கும். ஒரு அங்குலக் கரை உங்களுக்கு அழகு.

ரிசப்ஷனுக்குக் கோட் தைக்கணும். என்ன பார்க்கணும்?

நீளம் முதலில். பின்கழுத்து எலும்பிலிருந்து தரைவரை அளந்து பாதியாக்குங்கள். ஐந்தடி நான்கு அங்குல ஆளுக்கு அது 27, 27½ வரும். பின்பக்கம் மூடினால் போதும், அதற்குக் கீழே ஒரு விரல்கூட வேண்டாம்.

இரண்டு பட்டன் வையுங்கள், மேல் பட்டன் கொப்பூழுக்கு ஒரு அங்குலம் மேலே. பட்டன் உயர்ந்தால் அதற்குக் கீழே திறக்கும் இடம் பெரிதாகி, கால் நீண்டு தெரியும். லேப்பல், அதாவது மார்பில் மடிந்து விழும் காலர்ப் பகுதி, அகலம் 2¾ முதல் 3. பக்கப் பாக்கெட் மூடி 2 அங்குலத்துக்குள். தோளில் பஞ்சு கொஞ்சமாக. தோளை அகட்டினால் உயரம் கூடாது, தலைதான் சிறுத்துத் தெரியும். கோட் கையிலிருந்து சட்டைக் கை கால் அங்குலம் வெளியே தெரிய வேண்டும்.

ரெடிமேட் கோட்டில் நீளத்தை ஒரு அங்குலத்துக்கு மேல் குறைக்க முடியாது. பாக்கெட் மூடி அடி மடிப்பின் மேல் வந்து உட்கார்ந்துகொள்ளும். கைமுனைப் பட்டன்களுக்கு நிஜக் காஜா போட்டிருந்தால் கையையும் அந்தப் பக்கத்திலிருந்து குறைக்க இயலாது. எனவே உயரம் குறைந்தவர்கள் காசு கொடுத்துத் தைக்க வேண்டிய ஒரு துணி எது என்றால் கோட்தான். தற்காலிகமாக இணைத்த ஓட்டுத் தையல் நிலையில் ஒரு தடவை போட்டுப் பார்க்க வழியில்லை என்று சொல்லும் கடையில் கோட் கொடுக்காதீர்கள்.

துணி எத்தனை மீட்டர் எடுக்கணும்? உயரம் குறைவுன்னா கம்மியா எடுக்கலாமா?

58 அங்குல அகலத் துணியில் முழுக்கைச் சட்டைக்கு 1.60 மீட்டர், பேன்ட்டுக்கு 1.20, கோட்டும் பேன்ட்டும் சேர்த்து 3 மீட்டர். சட்டைத் துணியில் 10 சென்டிமீட்டர் மிச்சம் பிடிக்கலாம்தான், ஆனால் கட்டம் போட்ட துணியில் பாக்கெட்டும் முன்பட்டியும் கோடு பொருந்த அந்தத் துணி தேவைப்படும். ஈரோடு கனி மார்க்கெட்டிலோ கோவை ஒப்பணக்கார வீதியிலோ பிட்டுத் துணி எடுக்கும்போது அகலத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள். 36 அங்குலம் என்றால் சட்டைக்கே 2.25 மீட்டருக்குக் குறையாமல் ஆகும்.

பருத்தியும் லினனும் முதல் நனைப்பில் சுருங்கும். 3 சதவீதம் சுருங்கினாலே 27 அங்குல உள்நீளத்தில் முக்கால் அங்குலம் போய்விடும். துணியை ஓர் இரவு தண்ணீரில் ஊறவைத்து, பிழியாமல் நிழலில் உலர்த்தி, அயர்ன் செய்து கொடுங்கள். அதற்கு நேரமில்லை என்றால் பேன்ட் அடியில் ஒன்றரை அங்குலம் உள்மடிப்பு விடச் சொல்லுங்கள்.

கோடு, கட்டம், கலர்?

மெல்லிய நெடுக்குக் கோடு நல்லது. கட்டம் அரை அங்குலத்துக்குள் இருக்கட்டும். சட்டையும் பேன்ட்டும் ஒன்றுக்கொன்று வெகு தூரமான நிறமாக இருந்தால் உடம்பு இடுப்பில் இரண்டாகப் பிரியும். நெருங்கிய நிறங்களாக எடுங்கள். ஆனால் அளவு தப்பிய சட்டையை எந்தக் கோடும் காப்பாற்றாது.

திருப்பூர்ல எக்ஸ்போர்ட் மிச்சம் டி-ஷர்ட் எடுக்கறோம். தோள் சரியா இருக்கு, நீளம் மட்டும் முழங்காலுக்கு வருது.

வெளிநாட்டு அளவில் தைத்தவை, நீளம் அப்படித்தான் இருக்கும். சாதாரண டெய்லரிடம் கொடுத்து அடியைக் குறைக்காதீர்கள். சாதாரண மெஷின் தையலுக்குப் பனியன் துணியோடு சேர்ந்து இழுபடத் தெரியாது. தலை வழியாகக் கழற்றும்போது பட்பட்டென்று அறுந்துவிடும். துணியோடு சேர்ந்து இழுபடும் தையல் போடும் ஃபிளாட்லாக் மெஷின் வைத்திருப்பவரிடம் கொடுங்கள். திருப்பூரில் தெருவுக்குத் தெரு கிடைப்பார்கள். முதலில் இரண்டு தடவை துவைத்துவிட்டு அளந்து வெட்டுங்கள், பனியன் துணி நீளவாக்கில்தான் அதிகம் சுருங்கும். முடிந்த நீளம் 25 முதல் 26. தோள் தையல் தோள்முனையைத் தாண்டி இறங்கியிருந்தால் அந்த டி-ஷர்ட்டை எடுக்கவே வேண்டாம்.

பசங்க செக்ஷன்ல வாங்கிக்கலாமா?

ஒல்லியாக, மார்பு 34-க்குள் இருந்தால் டி-ஷர்ட் மட்டும் வாங்கலாம். சட்டை வேண்டாம். பையன்களின் தோளுக்கும் கழுத்துக்கும் வெட்டியது பெரிய ஆள் கழுத்தில் பட்டன் போடவே வராது.

அளவுக்குப் பழைய சட்டையைக் கொடுத்துட்டு வந்துடலாமா?

அந்தச் சட்டை அச்சாகப் பொருந்தியிருந்தால் மட்டும். இல்லையென்றால் அதன் தப்பு புதுச் சட்டைக்கும் வந்துசேரும். போதாததற்கு, பழசு ஏற்கெனவே சுருங்கி முடிந்தது, புதுத் துணி இனிமேல்தான் சுருங்கும்.

எப்பக் கொடுத்தா நிதானமாத் தைச்சுக் கொடுப்பாங்க?

ஆடியில். கல்யாணம் இல்லாத மாதம், பள்ளிக்கூட யூனிஃபார்ம் வேலையும் முடிந்திருக்கும். மாஸ்டருக்கு உங்கள் முழங்கால் அளவைத் தனியாக எழுத நேரம் இருக்கும். தீபாவளிக்கு முந்தைய மூன்று வாரத்தில் புது மாஸ்டரிடம் முதல் தடவையாகக் கொடுக்காதீர்கள். அவசரத்தில் அவர் கையில் இருக்கும் 38 பேப்பர் பேட்டர்னை வைத்து வெட்டி, அடியில் குறைத்துத் தருவார்.

முதலில் ஒரு சட்டை, ஒரு பேன்ட் மட்டும் கொடுங்கள். வாங்கும்போது கடையிலேயே போட்டுப் பாருங்கள். கையைத் தலைக்கு மேலே தூக்கினால் சட்டை ஓர் அங்குலத்துக்கு மேல் ஏறக் கூடாது. ஸ்டூலில் உட்கார்ந்தால் பேன்ட் முழங்காலில் இறுகக் கூடாது. கண்ணாடிக்குப் பக்கவாட்டில் நின்று, அடி மடிப்பு பின்னால் இறங்கியிருக்கிறதா பாருங்கள். இரண்டு துவைப்புக்குப் பிறகு அதே உடுப்பைப் போட்டுக்கொண்டு போய், மாறிய அளவை அவர் நோட்டில் திருத்தி எழுதச் சொல்லுங்கள். மீதித் துணியை அன்றைக்குக் கொடுங்கள்.